வேலிப் பொட்டு அடைத்த கிழமை

03 ஆவணி, ஞாயிறு

வெயில். நாள் முழுக்கச் சோளகக் காற்று. முற்றத்து மண்ணெல்லாம் விறாந்தையில். கூட்டக் கூட்ட வருகிறது.

வருகிற 11ஆம் திகதி, திங்கள், வேலைக்குப் போகவேண்டும். கந்தோர் சாவகச்சேரியில். மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ். நியமனக் கடிதம் சுவாமியறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால். மாமி வைத்தது, விபூதியும் பூசி. பட்டம் எடுத்து எத்தனையோ வருடம் காத்திருந்து வந்த வேலை. கடிதம் வந்த அன்று அழுதேன். சந்தோசமா, பயமா, இன்னும் தெரியவில்லை.

செய்யவேண்டியவை:
– சாறிச் சட்டை தைக்கக் கொடுக்க
– குட்டிக்குப் பால் போத்தல் பழக்க (வாயை இறுக்கி மூடுகிறாள்)
– பஸ் நேரம் விசாரிக்க
– வீடு?

கடைசிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் கேள்விக்குறியோடு விட்டிருக்கிறேன்.

இவருக்கு வேலை போனது மார்கழியில். உதிரிப்பாகக் கடையைப் பூட்டிவிட்டு முதலாளி மகனோடு கனடா போய்விட்டார். வேலை இருந்தபோது வீட்டில் இவர் செய்தவை: மரக்கறி வாங்குவது, மோட்டர் போடுவது, இரவில் படலை பூட்டுவது. வேலை போனபின் செய்பவை: மரக்கறி வாங்குவது, மோட்டர் போடுவது, இரவில் படலை பூட்டுவது. சோம்பேறி இல்லை. நல்ல மனிசன். கேட்டால் எதையும் செய்வார். கேட்கவேண்டும், அவ்வளவுதான். கேட்பதும் ஒரு வேலை.

ஆக, வேலை போனால் ஓர் ஆணிடம் வீட்டுவேலை வந்து சேர்வதில்லை. எனக்கு வேலை வந்தால் என்னிடமுள்ள வீட்டுவேலை போகுமா? போனால் எங்கே போகும்? கம்பசில் பொருளியல் படிப்பித்தபோது, வீட்டுவேலை நாட்டு வருமானத்தில் சேராது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்கள். நானும் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். இப்போதுதான் அறிய ஆசை. கோபத்தில் இல்லை. உண்மையாகவே அறிய ஆசை.

ஒத்திகை பார்க்கலாம் என்றது இவர்தான். "ஒரு கிழமை நீர் வேலைக்குப் போற மாதிரிப் போம். வீட்டை நான் பாக்கிறன்." சரி என்றேன். வெள்ளிக்குள் சரிவரவில்லையென்றால் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டேன். வெறும் வாய்ப்பேச்சில்லை. ஒன்றேகால் வயதுப் பிள்ளை இங்கே பசியோடு கிடக்க அங்கே என்னால் கோப்புப் புரட்ட ஏலாது.

மாமி அடுத்த வளவு. தனியே இருக்கிறார். இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி, கிணற்றடிப் பக்கம் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய ஒரு பொட்டு. நான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த இடைவெளி திறந்தபடி. கறி, கதை, குட்டி, எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வரும். மாமி எங்கள் படலையால் வந்து நான் கண்டதேயில்லை.

ஒத்திகையைப் பற்றி இவர் சொன்னதும் மாமி என்னைப் பார்த்தார். "திருவிழாக் காலம், வீட்டிலை மச்சமில்லை. மீன் வெட்டத் தேவையில்லாத மாதமாப் பாத்துத்தான் சோதினை வைக்கிறியள்" என்றார். பகிடியா குத்தலா என்று பிடிபடவில்லை. மாமியிடம் எப்போதும் அப்படித்தான்.

04 ஆவணி, திங்கள்

ஒத்திகை முதல் நாள். வெளியே போகப் பயத்தில் அறைக்குள் இருந்து கதவைச் சாத்தினேன். அறைதான் கந்தோர்.

கட்டிலில் இருந்து காதால் பார்த்தது:
அலுமாரி திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். திரும்பத் திறக்கிற சத்தம். பிறகு என் கைத்தொலைபேசி அடித்தது. குசினியிலிருந்து இவர்.

"சுபா, நீர் கந்தோரிலை எண்டு தெரியும். சீனிப் போத்தல் எங்கை?"
"தேயிலைக்குப் பின்னாலை."
"தேயிலை எங்கை?"

சிரிப்புத் தாங்காமல் தலையணையில் முகத்தைப் புதைத்தேன். பிறகும் அழைப்புகள். பருப்புக்கு எவ்வளவு தண்ணீர், குட்டியின் சிவப்புச் சட்டை ஊத்தையா இல்லையா, திருவலையில் எந்தப் பக்கம் இருந்து தேங்காய் திருவுவது. தேங்காய்ச் சிரட்டையையும் சேர்த்துத் திருவிவிட்டார், சம்பலில் கறுப்புக் கறுப்பாக. குட்டி கதவடியில் வந்திருந்து இரண்டு கையாலும் தட்டினாள். திறக்கவில்லை. திறந்துவிட்டேன்.

மத்தியானம் அவர் கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். ஏன் கழுவினேன்? ஊத்தை இல்லை. அடுக்கின விதம் பிடிக்கவில்லை. நான் அங்கே நிற்கவே கூடாது. நாளைக்கு வெளியே போகிறேன்.

மறந்துவிட முதல்: கேட்கிற நேரம், பதில் சொல்கிற நேரம், ஞாபகம் வைத்திருக்கிற நேரம். இவற்றை யாருடைய கணக்கில் போடுவது? கை அவருடையது, மூளை என்னுடையது.

சட்டை தைக்கக் கொடுக்கவில்லை.

05 ஆவணி, செவ்வாய்

மேகம், மழை இல்லை.

சாவகச்சேரி வரை போய்வந்தேன், கந்தோருக்குப் போவது போலவே. மானிப்பாய்ச் சந்தியில் பஸ், பிறகு யாழ்ப்பாணத்தில் மாறி ஏ-ஒன்பது வீதியால். யன்னல் கிடைத்தது. பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று. யாரும் என்னைக் கூப்பிடாத நேரம். எப்போது கடைசியாக அப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. பக்கத்திலிருந்த ரீச்சர் பஸ்ஸுக்குள்ளேயே கீரை ஆய்ந்துகொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதே இரவுக் கறி. மடியில் பேப்பர் விரித்து. என்னைப் பார்த்து, "இறங்க முதல் முடிஞ்சிடும்" என்றார், நான் கேட்காமலே.

கந்தோர் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சந்தையில் மாம்பழம்.

தொலைபேசி அடிக்கவில்லை. ஒரு தரமும் இல்லை. முதலில் நிம்மதி, பிறகு பயம்.

வீடு வந்தால் எல்லாம் வடிவாக. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. சம்பல் வெள்ளை வெளேரென்று. உடுப்பெல்லாம் கொடியில், சட்டைகள் தலைகீழாக, கமக்கட்டில் கிளிப் போட்டு. குட்டி தொட்டிலில் நித்திரை. இவர் கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கிறார், காய்ந்த சேட்டோடு.

"எப்பிடி?" என்றார்.
நல்லாயிருக்கு என்றேன். ஒரே நாளில் எப்படிப் பழகினீர்கள் என்றும் கேட்டேன். "மனிசன் பழகுவான்தானே" என்றார், பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடி.

சந்தோசப்படவேண்டும். பட்டேன். அடியில் சின்னதாக ஒரு எரிச்சல். நான் இத்தனை நாள் கஷ்டமென்று சொன்னதெல்லாம் இவ்வளவு லேசா?

06 ஆவணி, புதன்

காற்று விட்டிருக்கிறது.

ரவுணுக்குப் போய்ச் சட்டை தைக்கக் கொடுத்தேன். பிறகு நூலகத்தில் இருந்து ஒன்றும் வாசிக்காமல் குட்டியின் படங்களைப் பார்த்தேன். இன்றும் அழைப்பில்லை. அழைத்துப் பார்த்தேன். எல்லாம் ஓகே என்றார், குரலைத் தாழ்த்தி.

திரும்பி வந்தபோது முற்றம் கூட்டிக் கிடந்தது. ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் அரைவட்டம் அரைவட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று, ஒரு அடிச்சுவடும் இல்லாமல். நின்று பார்த்தேன். இப்படிக் கூட்டுகிறவர் பின்னுக்கு நடந்து கூட்டவேண்டும், தன் காலடியைத் தானே அழித்தபடி. சின்ன வயதில் அம்மா எனக்குச் சொல்லித் தந்தது. இவருக்கு யார் சொல்லித் தந்தது?

பின்னுக்கு நடந்தால் கடைசியில் எங்கேயாவது போய் முடியவேண்டும். அந்த இடத்தில் மட்டும் கால் பதிந்திருக்கும். கோடுகளைப் பிடித்துக்கொண்டு போனேன். விறாந்தையில் முடியவில்லை, குசினிப் படியிலும் இல்லை. கிணற்றடி வரை போய், வேலிப் பொட்டில் முடிந்தது. பொட்டின் வாயில் இவருடையதைவிடச் சின்னதாக இரண்டு பாதம், அங்காலைப் பக்கம் பார்த்தபடி.

இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லவேண்டி வரும், பாவம். கண்ணால் பார்க்கவேண்டும்.

குட்டி இவரிடம் போத்தலில் பால் குடித்தாளாம். அதையும் நம்பவில்லை.

07 ஆவணி, வியாழன்

விடிய வெளிக்கிட்டுச் சந்தி வரை போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். சொந்த வீட்டுக்குக் கள்ளி மாதிரி. படலையைச் சத்தமில்லாமல் தூக்கித் திறந்தேன்.

கிணற்றடியில் மாமி. குந்தியிருந்து உடுப்புக்குச் சவர்க்காரம் போடுகிறார், வீங்கின முழங்காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு. இவர் குட்டியைத் தோளில் போட்டபடி வாழையடியில்.

"தாங்கோவன் அம்மா, நான் அலம்புறன்."
"நீ அங்காலை நில் தம்பி. பவளம் மதிலாலை எட்டிப் பாக்கிறாள். வேலையில்லாமல் இருக்கிறான், இப்ப உடுப்பும் தோய்க்கிறான் எண்டு ஊருக்குச் சொல்லுவாள்."

பவளக்கா எங்களுக்கு மற்றப் பக்கத்து வீடு. சொல்லத்தான் சொல்வார்.

என்னைக் கண்டதும் மாமி எழும்பவில்லை. எழும்ப ஏலாமல் இருந்திருக்கும். கைவேலையை நிறுத்தவும் இல்லை.

"நான் செய்தா என்ன பிள்ளை? வேலை முடிஞ்சாச் சரிதானே."
"பிறகேன் மாமி ஒளிச்சுச் செய்யிறியள்?"
"ஒளிக்காட்டி நீ வெள்ளிக்கிழமை வேலை வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திருப்பாய்."

அந்தச் சோதினைக் கதையை வைத்து, மாமி எனக்கு எதிர் என்று நினைத்துக்கொண்டுதான் இரண்டு நாளும் பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். மாமி என்னை அனுப்பத்தான் சமைத்திருக்கிறார். மகன் விளக்குமாறு பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமலும்தான். இரண்டும் உண்மை. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை.

வேலை எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. பொட்டுக்குள்ளால் போய் இன்னொரு பெண்ணிடம். சம்பளமில்லாத என்னிடமிருந்து சம்பளமில்லாத மாமியிடம். நடுவில் நின்ற, வேலையில்லாத, கைகால் சுகமான மனிசனைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி.

பின்னேரம் இவரைக் கேட்டேன். கேட்காமலே அம்மா வந்து செய்தால் தான் என்ன செய்வது என்றார். ஆள் கூனிக் குறுகிப்போய் இருந்தார். "விலக்கிவிட்டுச் செய்ய வெக்கமாக் கிடந்தது. செய்யாமல் நிக்கவும் வெக்கமாக் கிடந்தது."

கார்த்திகையில் மச்சாளுக்கு, மாமியின் மகளுக்கு, பிள்ளை பிறக்க இருக்கிறது. மாமி வவுனியாவுக்குப் போய்விடுவார். அதன்பிறகு வேலை யாரைத் தேடிப் போகும்? என்னைத்தான். இரவில், பஸ்ஸால் இறங்கி வந்தபிறகு. கீரை ஆய்ந்த ரீச்சர் ஞாபகம் வந்தார்.

ஆனால் ஒன்று. குட்டி உண்மையாகவே போத்தலில் குடிக்கிறாள். என் கண் முன்னால், இவர் மடியில் கிடந்து, இவர் காதைப் பிடித்துக்கொண்டு. மூன்று நாளும் பிள்ளையை முழுக்கப் பார்த்தது இவர்தான். மாமியும் சொன்னார். நான் அதை வேலையாகவே எண்ணவில்லை. நான் பார்த்தால் வேலை, அவர் பார்த்தால் பிள்ளையோடு இருக்கிறார். என் கணக்கும் நேர் இல்லை.

08 ஆவணி, வெள்ளி

தட்டுகிற சத்தத்தில் எழும்பினேன். மோட்டர் பழுதாக்கும் என்று போய்ப் பார்த்தால் இவர் வேலியடியில். கையில் குறடு, கட்டுக்கம்பி, இரண்டு புதுக் கிடுகு. பொட்டை அடைத்து, குறுக்கே தடி வைத்து இறுக்கிக் கட்டியாகிவிட்டது. முகமெல்லாம் வியர்வை.

"இனி நான்தான். ஒருத்தரும் பூந்து செய்யேலாது."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், இரண்டு பேரும் நின்று வேலியைப் பார்த்தோம். நல்ல கட்டு என்றுகூடச் சொன்னேன்.

தேத்தண்ணி முடிய முதல் மதிலுக்கு மேலால் பவளக்காவின் தலை.
"என்ன பிள்ளை, மாமியோடை கதை பேச்சு இல்லையோ?"

அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரம். இவருடைய கையில் குறடு அப்படியே நின்றது.

பொட்டு அடைப்பதென்றால் இங்கே என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? எல்லைச் சண்டையில் அண்ணன் தம்பி அடைப்பது. சீதனக் கோபத்தில் அடைப்பது. அடைத்த வீடுகள் செத்த வீட்டுக்கும் போகாது. என் சித்தப்பா வீட்டுப் பொட்டு நான் பிறக்க முதல் அடைத்தது, இன்னும் அப்படியே. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், படித்தவர்கள், வேலையைத்தான் மறிக்கிறோம் என்று நினைத்து ஆளை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

வெள்ளியென்றால் மாமி மோதகம் அவித்து அனுப்புவார். இன்று இல்லை. அங்காலை றேடியோ மட்டும், வழமையைவிடச் சத்தமாக.

அவிழ்த்துவிடச் சொன்னேன். "அவிட்டா நாளைக்கு அம்மா குசினிக்குள்ளை நிப்பா. நீர் தடுப்பீரோ?" என்றார். தடுக்கமாட்டேன். அவிழ்க்காவிட்டாலும் நான் வேலைக்குப் போக ஏலாது. மருமகள் உத்தியோகம் கிடைத்தவுடன் மாமியை வேலி அடைத்து விலத்திவிட்டாள் என்று நாளைக்கு ஊர் சொல்லும். மாமியும் அப்படி நினைத்தால்?

இன்று வெள்ளி. சொன்ன தவணை. எழுதிக் கொடுக்கவில்லை. போகிறேன் என்று முடிவும் இல்லை.

09 ஆவணி, சனி

வெக்கை.

பொட்டு அடைத்தபடி. இவர் விடியவே தொடங்கிவிட்டார். நான் முன்விறாந்தையில், குசினிக்கு முதுகு காட்டி.

பருப்பு அடிப்பிடித்தது. மணம் வந்தது, எழும்பவில்லை. உடுப்புக் காயப்போடும்போது பவளக்கா மதிலடியில்.
"என்ன தம்பி, பெண்டுகள் வேலை பழகுறாய் போலை."
"ஓம் அக்கா. உங்கடை வீட்டிலையும் தோய்க்கக் கிடந்தாத் தாங்கோ, கொடியிலை இடம் இருக்கு."

பவளக்கா சிரித்துவிட்டார். நானும். இவர் காது மட்டும் சிவந்திருந்தது. சட்டைகளைத் தோளில் கிளிப் போட்டு, காய்ந்தபின் எல்லாத் தோளிலும் கொம்பு. வெயில் தாழ, பொறுக்கேலாமல் ஒன்றை எடுத்து இழுத்துச் சரிப்படுத்தினேன். பிறகு கொம்போடேயே மடித்து வைத்தேன். போடுகிறது நான்தானே, குத்தாது.

பின்னேரம் மாமியிடம் போனேன். றோட்டால் சுற்றி, அவருடைய படலையால். இது முதல் தரம். மாமி விறாந்தையில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, படலையாலை வாறியளோ. வாங்கோ. இருங்கோ."

வாங்கோ. எனக்கு. மாமி என்னை நீ, பிள்ளை என்று அல்லாமல் கூப்பிட்டதில்லை. கதிரையைத் தூசு தட்டிப் போட்டார். தேத்தண்ணி, வருகிற ஆட்களுக்கு வைத்திருக்கிற பூப்போட்ட கப்பில், தட்டோடு. இரண்டு பிஸ்கட். குடித்து முடித்துக் கழுவ எழும்பினேன். "விடுங்கோ, வந்த ஆக்கள் கழுவுறேல்லை" என்றார். இருந்துவிட்டேன். கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

அந்தக் குசினிக்குள் எத்தனை தரம் கேட்காமல் போய்ப் பானை திறந்து பார்த்திருக்கிறேன். இன்று படலையால் வந்ததால் போக ஏலவில்லை. கால் எழும்பவில்லை, உண்மையாக.

சொல்ல நினைத்ததில் பாதிதான் சொன்னேன். அவர் உங்களை மறிக்கவில்லை மாமி, தன்னை மறித்தவர். திங்கள் நான் போகவேண்டும். நீங்கள் கோபமென்றால் போகமாட்டேன்.

மாமி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். வெளிக்கிடும்போது மட்டும், "படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்றார்.

வந்து இவரிடம் சொன்னேன், பிஸ்கட் வரைக்கும்.

10 ஆவணி, ஞாயிறு

காலை பத்து மணியளவில் படலை தட்டுகிற சத்தம். யார் படலை தட்டுவது என்று எட்டிப் பார்த்தால் மாமி. குடை பிடித்து, கோயில் சாறி கட்டி, கையில் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழம். ஒரு வேலி தாண்ட வேண்டியவர் றோட்டால் சுற்றி வந்திருக்கிறார், அந்தக் காலோடு.

பவளக்கா தன் வாசலில் நின்றார். மாமி நின்று, அவருக்குக் கேட்கவேண்டிய சத்தத்தில்: "தெருநாய் பூருதெண்டு பொட்டை அடைச்சவங்கள் பவளம். எனக்குத்தான் நடை கூடிப்போச்சு."

நாய்க்கு அடைத்தது. அவ்வளவுதான். ஊர்க்கதை முடிந்தது.

உள்ளே வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். முதுகு சாயாமல், கைப்பை மடியில். வந்த ஆள் மாதிரி. வாழைப்பழத்தை என் கையில் தந்தார். "எல்லாரும் சுகமோ?" என்றார். சுகம் என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது, இருவரும் சிரிக்கவில்லை.

இவர் குசினிக்குள் போனார். தண்ணீர் வைக்கிற சத்தம். பேணி ஒன்று விழுந்து உருண்டது. மாமியின் கை கதிரைப் பிடியை இறுக்கியது, எழும்பப் போகிற மாதிரி. என் கையும். அலுமாரிக் கதவு திறந்தது, மூடியது, திறந்தது. மாமி என்னைப் பார்த்தார். சீனியைத் தேடுறார் என்று மெதுவாகச் சொன்னேன். "தேடட்டும்" என்றார், அதைவிட மெதுவாக.

தேத்தண்ணி வந்தது. தட்டில் பாதி. மாமி ஊதி ஊதிக் குடித்தார்.
"சாயம் காணாது தம்பி."
"ஓம் அம்மா."
"நாளைக்குக் கூடப் போடு."

நாளைக்கு. கேட்டுக்கொண்டேன்.

குடித்து முடித்துக் கப்பைப் பக்கத்து மர வாங்கில் வைத்தார். வெறும் கப். மாமி அதைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். குட்டி தத்தித் தத்தி வந்து வாங்கைப் பிடித்தபடி, தானும் பார்த்தாள். ஒருத்தரும் அசையவில்லை. வெளியே சைக்கிளில் பாண்காரன் போகிற மணி. இவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றவர், எங்கள் இருவரையும் பார்த்து, பிறகு கப்பைப் பார்த்து, வந்து எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர்ச் சத்தம்.

மாமி இப்போதுதான் முதுகைக் கதிரையில் சாய்த்தார்.

"இப்பிடிக் கதிரையிலை இருந்து கனகாலம் பிள்ளை" என்றார்.

பிள்ளை. திரும்ப.

போகும்போது படலையடியில் நின்று, பொட்டைப் பற்றிக் கேட்டேன். கார்த்திகை வரைக்கும் கிடக்கட்டும் என்றார். குட்டியைப் பார்க்கப் படலையால் வருவாராம். "நடக்கிறது முழங்காலுக்கு நல்லதெண்டு டொக்டரும் சொன்னவர்."

நாளைக்கு: சாறி நீலம் (சட்டை தைத்து வந்துவிட்டது, கை கொஞ்சம் இறுக்கம்). கடிதம் படத்துக்குப் பின்னாலிருந்து எடுக்க. குடை. ஆறே முக்கால் பஸ்.

சமையலுக்கு ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. வைக்கக் கை போனது. வைக்கவில்லை.

11 ஆவணி, திங்கள்

போய்வந்தேன்.

மேசை யன்னலுக்குப் பக்கத்தில். பக்கத்து மேசை அம்மா, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர் என்று கேட்டார். தகப்பனிடம் என்றேன். "ஐயோ பாவம்" என்றார். யார் பாவம் என்று விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. மத்தியானம் பால் கட்டி நெஞ்சு நொந்தது. கழிப்பறையில் கொஞ்சம் அழுதேன். தொலைபேசி ஒரே ஒரு தரம்: "மஞ்சள் போத்தல் எது, மல்லிப் போத்தல் எது?" மணந்து பாருங்கோ என்றேன்.

இறங்கி வர வெயில் சாய்ந்திருந்தது. படலையைத் திறந்தேன்.

முற்றம் கூட்டிக் கிடக்கிறது. கோடுகள் நேராக இல்லை, அரைவட்டமும் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். முன்னுக்கு நடந்து கூட்டியிருக்கிறார். கூட்டின இடமெல்லாம் மிதித்து மிதித்து. படலையிலிருந்து கிணற்றடி வரை, கிணற்றடியிலிருந்து குசினிப் படி வரை, அவருடைய பெரிய கால். பக்கத்தில் சில இடங்களில் குட்டியின் கால், விழுந்து கையூன்றிய இடத்தில் ஐந்து விரல்.

விளக்குமாறு மதிலோடு சாத்தி இருந்தது. பையைக் கீழே வைத்தேன். எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தால், அந்தக் கால்தடங்களை மிதிக்காமல் சுற்றிப் போய் விறாந்தையில் ஏறினேன்.